திரையில் கருமை பிறந்த கதை

புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் முதலில் என்ன கேட்கிறார்? "படம் நல்ல வெளிச்சமாகத் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார். "கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியுமா?" என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால், திரையில் படம் காட்டும் கலை தோன்றிய நாள் முதல் இன்றுவரை, அறிவியலாரும் பொறியியலாரும் ஒளியை உண்டாக்கப் பட்ட பாட்டுக்குச் சற்றும் குறையாத பாட்டை இருளை உண்டாக்கவும் பட்டிருக்கிறார்கள். ஒளியை உண்டாக்க விளக்கு உண்டு. இருளை உண்டாக்க என்ன கருவி இருக்கிறது? ஒளியை நீக்குவது ஒன்றே வழி. நீக்குவது அவ்வளவு எளிதன்று.

இந்தக் கதையின் பல அத்தியாயங்கள் நம் கொங்கு நாட்டிலும் நடந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்து நோக்குவோம்.

கரிசல் மண்ணும் பருத்தியும்

முதலில் 'கறுப்பு' என்றால் என்ன என்று தெளிவு செய்துகொள்வோம். ஒரு பரப்பிலிருந்து நம் கண்ணை நோக்கி எவ்வளவு ஒளி வருகிறது என்பதை 'ஒளிர்வு' என்கிறோம். சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்பது அதன் அலகு. தொலைக்காட்சி வணிகத்தில் இதனைச் சுருக்கமாக 'நிட்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கரிசல் காட்டில் பருத்தி வெடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு வெள்ளை, மண் கறுப்பு. உச்சி வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கரிசல் மண் அதில் நூற்றுக்கு 5 பங்கைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். 1,00,000-ஐ 0.05-ஆல் பெருக்கி, 3.14-ஆல் வகுத்தால் மண்ணின் ஒளிர்வு கிடைக்கும். அது சுமார் 1,600 நிட். இப்போது இரவில் உங்கள் மேசைமீது 300 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. அது நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பி அனுப்பினாலும் அதன் ஒளிர்வு சுமார் 76 நிட்தான்.

வியப்பாக இல்லையா? வெயிலில் கிடக்கும் கரிய மண், விளக்கொளியில் இருக்கும் வெள்ளைத் தாளைப்போல் 20 மடங்குக்கு மேல் ஒளியை வீசுகிறது. இருந்தும் மண்ணைக் கறுப்பு என்கிறோம், தாளை வெள்ளை என்கிறோம். ஏன்? நம் கண் ஒளியின் அளவைத் தனியாக அளப்பதில்லை. அக்கம் பக்கத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. மண்ணுக்கும் பஞ்சுக்கும் உள்ள விகிதம் 1-க்கு 16. இந்த விகிதத்தைத்தான் கண் காண்கிறது. திரைகளைப் பற்றிப் பேசும்போது இதனை 'ஒளி வேற்றுமை' என்கிறோம்.

ஆகவே, திரையில் நல்ல படம் வேண்டுமானால் வெள்ளையின் ஒளிர்வைக் கூட்டலாம். அல்லது கறுப்பின் ஒளிர்வைக் குறைக்கலாம். வெள்ளையை இரு மடங்காக்குவதும் கறுப்பைப் பாதியாக்குவதும் விகிதத்தில் ஒன்றே. முன்னதற்கு மின்சாரம் செலவாகும். பின்னதற்கு அறிவு செலவாகும்.

வெண்துணியில் விழுந்த நிழல்

1905-ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற இளைஞர், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். கோவை நகரைச் சேர்ந்த அவர், 1914-இல் அங்கு 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிக முற்பட்ட நிலையான திரையரங்குகளுள் அது ஒன்று. பின்னாளில் 'டிலைட்' என்று பெயர் மாறினாலும், வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் இன்றும் கோவையில் வழங்குகிறது.

கொட்டகையில் காட்டிய படத்துக்கும் கட்டடத்தில் காட்டிய படத்துக்கும் என்ன வேறுபாடு? இயற்பியல் நோக்கில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திரையோ வெள்ளைத் துணி. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கருவி ஒளியை வீசுகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒளியை வீசாமல் விடுகிறது. ஆனால், வீசாமல் விட்ட இடம் கறுப்பாகிவிடுமா? ஆகாது. அங்கேயும் இருப்பது வெள்ளைத் துணிதான். கொட்டகையில் வேறு ஒளி ஏதேனும் இருந்தால், அது பட்டு அந்த இடமும் வெளுக்கும். கறுப்பு என்பது அரங்கின் இருட்டிலிருந்து கடன் வாங்கியது, கருவி தருவதன்று.

கித்தான் கூடாரங்களிலும் கீற்றுக் கொட்டகைகளிலும் இயங்கிய டூரிங் டாக்கீசுகளில் ஏன் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டம் தொடங்கியது என்பது இப்போது விளங்கும். பகலில் கித்தானின் வழியே கசியும் வெளிச்சமே கறுப்பைக் கொன்றுவிடும். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து, நன்றாக இருட்டிய பிறகே படம் போடுவார்கள் என்று சொல்வார்கள். கனமான சுவர்களும் கதவுகளும் உள்ள கட்டடம் வந்த பிறகே பகலாட்டம் இயன்றது. எனவே, திரையரங்கு என்பதை இருளைச் சேமித்து வைக்கும் பெட்டி எனலாம். படம் ஓடும்போது யாராவது கதவைத் திறந்தால் எல்லோரும் கூச்சலிடுவது வெறும் எரிச்சலால் அன்று. அந்தக் கணத்தில் கதாநாயகனின் கருந்தலைமுடி சாம்பல் நிறமாகிவிடுகிறது.

பீடிப் புகைக்கும் இதில் பங்கு உண்டு. புகையின் நுண்துகள்கள் ஒளிக்கற்றையைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி திரையின் கரிய பகுதிகளிலும் விழும். திரையின் நான்கு ஓரங்களிலும் கருந்துணி கட்டுவதும் ஒரு தந்திரமே. கருமையை அருகில் கண்ட கண்ணுக்கு வெண்மை மேலும் வெண்மையாகத் தோன்றும்.

வெள்ளியால் ஆன கருமை

படச்சுருளில் கறுப்பு எப்படி உண்டாகிறது? கறுப்பு–வெள்ளைச் சுருளில் உள்ள கருமை, மிக நுண்ணிய வெள்ளித் துகள்களின் கருமை. பளபளக்கும் அதே வெள்ளிதான் நுண்துகள்களாகச் சிதறிக் கிடக்கும்போது ஒளியை உறிஞ்சிக் கறுப்பாகத் தோன்றுகிறது. மிக அடர்த்தியான இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே சுருளைக் கடந்து செல்லும். வெள்ளை இடத்தில் திரையின் ஒளிர்வு 50 நிட் என்றால், நல்ல இருட்டுள்ள அரங்கில் கறுப்பு 0.05 நிட் அளவுக்கு இறங்கும்.

1935-இல் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியது. பின்னர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ வந்தது. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. சென்னைக்கு நிகராகக் கொங்கு மண்ணில் படங்கள் பிறந்த காலம் அது. பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' 1954-இல் வெளிவந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது.

அன்றைய ஒளிப்பதிவாளர்கள் வண்ணம் இல்லாமலேயே பட்டின் பளபளப்பையும் இரவின் ஆழத்தையும் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் கையில் இருந்தவை வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் படிகள் மட்டுமே. முகத்தின் ஒரு பாதியை நிழலில் விடுவதா, அந்த நிழலுக்குள் கண் இமை தெரியுமா, தெரியாதா என்பதையெல்லாம் விளக்குகளை நகர்த்தி நகர்த்தித் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் சுருளில் வெள்ளியாகப் பதிந்திருக்கிறது. அது நம் வீட்டுத் திரைக்கு வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணாடிக் குழாய்

தொலைக்காட்சி பற்றிய ஆர்வம் தமிழகத்தில் மிக முன்பே தொடங்கிவிட்டது. 1950-இல் சென்னைத் தேனாம்பேட்டையில் நடந்த ஒரு பொருட்காட்சியில், மின்பொறியியல் மாணவரான பி. சிவகுமாரன் எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் பிம்பம் ஒன்றைத் தோற்றுவித்துக் காட்டினார். தில்லியில் தொலைக்காட்சி நிலையம் 1959 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1982-இல் வந்தது. சென்னையின் அலைகள் கோவைக்கு எட்டவில்லை. 1980-களில் நாடெங்கும் சிறுதிறன் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்ட பிறகும், கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்த பிறகுமே கொங்கு நாட்டு வீடுகளின்மேல் நீண்ட குழாய்களும் அவற்றின் உச்சியில் ஆன்டெனாக்களும் முளைத்தன.

எதிர்மின்கதிர்க் குழாயின் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிர்பொருள் தூள் பூசப்பட்டிருக்கும். எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிரும். படாத இடம் ஒளிராது. அப்படியானால் கறுப்பு எளிதில் கிடைத்துவிடும் அல்லவா? இருட்டறையில் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் கிடைக்காது. ஏனெனில், ஒளிர்பொருள் தூளின் இயல்பான நிறம் வெளிறியது. அறை வெளிச்சம் அதன்மீது பட்டுத் திரும்பும். பழைய பெட்டி அணைந்திருக்கும்போது அதன் திரை என்ன நிறமாக இருந்தது? கறுப்பாக இல்லை, பாசி படர்ந்த சாம்பல் நிறமாக இருந்தது. அந்த அறையில் அந்தப் பெட்டி காட்டக்கூடிய மிகக் கரிய கறுப்பு அதுவே. அதற்குக் கீழே அதனால் இறங்க முடியாது.

இதற்குப் பொறியியலார் கண்ட தீர்வு அழகானது. முகப்புக் கண்ணாடியைச் சற்றே கருமையாக்கினார்கள்! வெளிச்சத்தை மறைக்கும் கண்ணாடி படத்தை எப்படி மேம்படுத்தும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒளிர்பொருள் 200 நிட் தருகிறது. அறையில் 100 லக்ஸ் வெளிச்சம் உள்ளது. தூள் நூற்றுக்கு 60 பங்கைத் திருப்புகிறது. தெளிந்த கண்ணாடியானால் திரும்பும் ஒளி 19 நிட். வெள்ளை 219, கறுப்பு 19. விகிதம் சுமார் 11.5. இப்போது பாதி ஒளியை மட்டும் விடும் கருங்கண்ணாடியைப் போடுங்கள். படத்தின் ஒளி கண்ணாடியை ஒரு முறை கடக்கிறது. எனவே பாதியாகி 100 நிட் ஆகிறது. அறை வெளிச்சமோ உள்ளே போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையும் கடக்கிறது. எனவே கால் பங்காகி 4.8 நிட் ஆகிறது. வெள்ளை 104.8, கறுப்பு 4.8, விகிதம் சுமார் 22. ஒளியில் பாதியை இழந்து, வேற்றுமையை ஏறத்தாழ இரு மடங்காகப் பெற்றுவிட்டோம்!

வண்ணக் குழாயில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களைக் கரிய பொருளால் நிரப்பும் முறையை 1969-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நோக்கமும் இதுவே.

கறுப்பைவிடக் கறுப்பு

பெட்டி கறுப்பைக் காட்டுவது இருக்கட்டும். "இந்த இடம் கறுப்பு" என்ற செய்தி நிலையத்திலிருந்து எப்படி வந்தது? நம் நாட்டில் பின்பற்றிய 625 வரி முறையில், ஒளி கூடக்கூட அலையின் வலிமை குறையும். வெள்ளைக்கு அலையின் வலிமை உச்ச அளவில் நூற்றுக்கு 10 பங்கு. கறுப்புக்கு ஏறத்தாழ 75 பங்கு. அதற்கும் மேலே 100 வரை உள்ள பகுதி 'கறுப்பைவிடக் கறுப்பு'. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியில்தான் வரிகளை ஒழுங்காகத் தொடங்கச் செய்யும் ஒத்தியக்கத் துடிப்புகள் வந்தன.

ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள்? தெருவில் மோட்டார் சைக்கிள் போகிறது. அதன் தீப்பொறி வானலையில் ஒரு துடிப்பை உண்டாக்குகிறது. பிரிட்டனின் பழைய 405 வரி முறையில் வலிமை கூடினால் வெள்ளை; எனவே அந்தத் துடிப்பு திரையில் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் குத்தியது. நம் முறையில் வலிமை கூடினால் கறுப்பு. துடிப்பு கரும்புள்ளியாகி அவ்வளவாக உறுத்தாமல் மறைந்தது.

ஆனால் வேறொரு குறை இருந்தது. விலை மலிவான பல கறுப்பு–வெள்ளைப் பெட்டிகளில் படக்குறியை மின்தேக்கி வழியாகக் குழாய்க்கு அனுப்பினார்கள். மின்தேக்கி, குறியின் ஏற்ற இறக்கத்தை விடுமே தவிர அதன் சராசரி அளவை விடாது. விளைவு? நள்ளிரவுக் காட்சி வந்தால் திரை முழுவதும் இருள வேண்டும். பெட்டியோ அதைச் சராசரிக்கு உயர்த்திச் சாம்பலாகக் காட்டும். கறுப்பின் நிலையை ஒவ்வொரு வரியிலும் பிடித்து நிறுத்தும் சுற்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் குறை வந்திராது. சில உறுப்புகளின் விலையை மிச்சப்படுத்துவதற்காக அது கைவிடப்பட்டது. மின்சாரம் வந்து, பெட்டி வந்து, படமும் வந்த பிறகு, நம் வீடுகளில் இரவு மட்டும் இரவாக வரவில்லை.

பெயர் மாறிய இரு திருகுகள்

அக்காலப் பெட்டிகளில் 'பிரைட்னஸ்', 'கான்ட்ராஸ்ட்' என இரு திருகுகள் இருந்தன. இன்றைய பெட்டிகளின் பட்டியலிலும் இவ்விரு பெயர்கள் உள்ளன. முன்னது வெளிச்சத்தைக் கூட்டும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பல பெட்டிகளில் அது கறுப்பின் நிலையை ஏற்றி இறக்குகிறது. வெள்ளையின் அளவை ஏற்றி இறக்குவது கான்ட்ராஸ்ட். பெயர் வைத்ததில் நேர்ந்த குழப்பம் முக்கால் நூற்றாண்டாக நீடிக்கிறது.

பிரைட்னஸை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் என்ன ஆகும்? கறுப்பு சாம்பலாகும், படம் முழுவதும் மோர் தெளித்தாற்போல் வெளுக்கும். மிகவும் இறக்கினால்? நிழலில் இருக்கும் நுட்பங்கள் யாவும் கறுப்பில் மூழ்கும். கரிய முடியில் இழை தெரியாது. கருங்குதிரையில் தசை தெரியாது. இன்றைய எண்முறைப் படக்குறியிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 0 முதல் 255 வரையுள்ள எண்களில் கறுப்புக்கு 16-உம் வெள்ளைக்கு 235-உம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. படத்தை அனுப்பும் கருவியும் பெட்டியும் இந்த எண்களை ஒரே விதமாகப் புரிந்துகொள்ளாவிட்டால் படம் வெளுக்கும், அல்லது இருளும்.

கசியும் பின்னொளி

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. அவை எதிர்மின்கதிர்க் குழாய்ப் பெட்டிகள். உலகம் அப்போது தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் நம் வீடுகளும் மாறின. தட்டைத் திரை மெலிந்தது, அகன்றது, தெளிந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் பின்னுக்குப் போனது. எதில்? கருமையில்!

திரவப் படிகத் திரையில், அதாவது எல்.சி.டி.யில், பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்னால் இரு முனைவாக்கித் தகடுகள். அவற்றிடையே திரவப் படிகம். மின்னழுத்தத்துக்கு ஏற்பப் படிக மூலக்கூறுகள் திரும்பி ஒளியை விடுகின்றன, அல்லது தடுக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மதகு எனலாம். மதகை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சிறிது நீர் கசிவதைக் கண்டிருப்பீர்கள். இங்கே கசிவது ஒளி. ஒரு வகைத் திரையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசியும். இன்னொரு வகையில் மூவாயிரம் முதல் ஐயாயிரத்தில் ஒரு பங்கு கசியும். இருட்டறையில் அந்தக் கசிவு நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரியும். மேலும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கசிவு கூடும்.

இந்தப் பக்கவாட்டுக் கசிவை அடக்கியதில் இந்திய ஆய்வு ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியவர் பேராசிரியர் எஸ். சந்திரசேகர். இவர் சர் சி. வி. இராமனின் சகோதரி மகன்; நோபெல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் திரவப் படிகத்தைக் கண்டது முதல், கோல் வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று பெரும்பாலும் கருதிவந்தனர். 1977-இல் சந்திரசேகரும் அவருடைய குழுவினரும், நாணயம்போல் தட்டையான வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் அவை தூண்களாக அடுங்கி நின்றன.

அப்போது அது தூய அறிவியலாகவே இருந்தது. கோல் வடிவ மூலக்கூறு ஒளியை ஒருவிதமாகத் திரிக்கிறது. வட்டு வடிவ மூலக்கூறு அதற்கு நேர்மாறாகத் திரிக்கிறது. ஆகவே, வட்டு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலத்தைத் திரையில் ஒட்டினால், பக்கவாட்டில் செல்லும் ஒளியின் திரிபு ஈடுசெய்யப்பட்டுக் கசிவு குறையும். 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் இத்தகைய படலத்தைச் செய்து விற்றது. உலகெங்கும் கணிப்பொறித் திரைகளில் அது இடம்பெற்றது. பெங்களூர் ஆய்வகத்தில் பிறந்த ஓர் உண்மை, உலகத்தின் மேசைகள்மீது கறுப்பைக் கறுப்பாக்கியது என்றால் மிகையாகாது.

தானே ஒளிரும் புள்ளி

மதகு கசியும் என்றால், நீரையே நிறுத்திவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் வந்தன.

முதலாவது பிளாஸ்மாத் திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வளிம விளக்கு. 2007-இல் ஜப்பானின் பயோனியர் நிறுவனம் தன் பிளாஸ்மாப் பெட்டிகளுக்குச் சூட்டிய பெயர் 'குரோ'. ஜப்பானிய மொழியில் அதற்குக் கறுப்பு என்று பொருள். வெளிச்சத்தைப் பறைசாற்றும் சந்தையில் கருமையைப் பெயராகக் கொண்டு வந்த அந்தப் பெட்டியை வல்லுநர்கள் போற்றினர். ஆனால் விலைப்போட்டியில் அது நிலைக்கவில்லை.

இரண்டாவது, கரிமச் சேர்மங்களால் ஆன ஒளி உமிழும் டையோடு. இதனையே ஓ.எல்.இ.டி. என்கிறோம். 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிரும் டையோடைச் செய்து காட்டினர். 2007-இல் சோனி நிறுவனம் 11 அங்குலத் தொலைக்காட்சியாக அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அணைந்த புள்ளி முழுக் கறுப்பு. குறையும் உண்டு. திரை முழுவதையும் ஒரே நேரத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரச் செய்வது கடினம். ஒரே படம் நெடுநேரம் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் தேய்ந்து தழும்பு விழும்.

மூன்றாவது, பின்னொளியையே நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்தின் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கச் செய்வது. 'மினி எல்.இ.டி.' என்று விற்கப்படுவது இதுவே. வெளிச்சம் மிகுதி, கருமையும் நன்று. ஆயினும், கரிய வானில் நிலவைக் காட்டினால் நிலவைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும். ஏனெனில் விளக்குப் பகுதி, புள்ளியைவிடப் பன்மடங்கு பெரியது.

பத்து இலட்சத்துக்கு ஒன்றா?

இப்போது கடைக்கு வருவோம். பெட்டியின்மேல் 'ஒளி வேற்றுமை 10,00,000 : 1' என்று அச்சிட்டிருக்கிறது. இதை நம்பலாமா? பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் முற்றிலும் இருண்ட அறையில் மட்டும் உண்மை.

இரு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வெள்ளைக்கு 500 நிட் தருபவை. முதலாவது எல்.சி.டி.; அதன் கறுப்பு 0.1 நிட். இரண்டாவது ஓ.எல்.இ.டி.; அதன் கறுப்பு சுழி. உங்கள் கூடத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது, குழல்விளக்கும் எரிகிறது. திரைமீது 200 லக்ஸ் விழுகிறது. திரை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறலாகத் திருப்புகிறது. அதன் ஒளிர்வு 0.64 நிட். இதனை இரு பெட்டிகளின் கறுப்போடும் கூட்ட வேண்டும். எல்.சி.டி.யின் கறுப்பு 0.74; விகிதம் சுமார் 680. ஓ.எல்.இ.டி.யின் கறுப்பு 0.64, விகிதம் சுமார் 780. வேறுபாடு அவ்வளவுதான்!

விளக்கை அணையுங்கள். ஜன்னலை மூடுங்கள். திரைமீது விழுவது 2 லக்ஸ் மட்டும் என்க. திரும்பும் ஒளி 0.0064 நிட். இப்போது எல்.சி.டி.யின் விகிதம் சுமார் 4,700. ஓ.எல்.இ.டி.யின் விகிதம் சுமார் 78,000. பணம் கொடுத்து வாங்கிய கருமை, விளக்கை அணைத்தபோதுதான் கைக்கு வந்தது. டூரிங் டாக்கீசுக்காரர் பொழுது சாயக் காத்திருந்த காரணமும் இதுவே. நூறாண்டு கடந்தும் விதி மாறவில்லை.

ஆகவே, வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். படம் பார்ப்பது பெரும்பாலும் பகலிலா, இரவிலா? கதவு திறந்தே கிடக்கும் கூடத்தில் செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு வெளிச்சம் மிகுந்த எல்.சி.டி. போதும், கருமைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கே ஓ.எல்.இ.டி. பயன்படும். கடையில் நூறு விளக்குகளின் கீழே, 'விவிட்' என்ற அமைப்பில், கண்ணைப் பறிக்கும் வண்ணப் பூக்களைக் காட்டுவார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தப் பெட்டியின் கருமையையும் எடைபோட முடியாது. இயன்றால் ஒரு கறுப்பு–வெள்ளைப் படத்தின் இரவுக் காட்சியைப் போடச் சொல்லுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருக்கிறதா? செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். இரவில் விளக்கை அணைத்து, இருண்ட காட்சியுள்ள ஒரு படத்தைப் போட்டு நிறுத்தி வையுங்கள். 'விவிட்' அமைப்பை விட்டு 'சினிமா' அமைப்புக்கு மாறுங்கள். பிரைட்னஸை மெல்ல இறக்கி, படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை கறுப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னர் நிழலில் இருக்கும் துணியின் மடிப்பைப் பாருங்கள். மடிப்பு மறைந்துவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள். அவ்வளவுதான். பின்னொளிக்கெனத் தனியே அமைப்பு இருந்தால், இரவில் அதனையும் குறையுங்கள். கண்ணுக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

கோவையிலும் சேலத்திலும் விளக்குகளை நகர்த்தி நகர்த்தி நிழலைச் செதுக்கியவர்கள் இன்று இல்லை. அவர்கள் வேலை செய்த அரங்குகளும் பழைய நிலையில் இல்லை. அவர்களுடைய நிழல்கள் மட்டும் படங்களில் எஞ்சியிருக்கின்றன. அவற்றை நம் பிள்ளைகள் இனிக் காணப்போவது வீட்டுத் திரையில்தான். பிரைட்னஸ் ஏறிக் கிடக்கும் பெட்டியில் அந்த நிழல்கள் சாம்பலாகிவிடும். இவ்வளவுதானா பழைய படம் என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். குறை படத்தில் இல்லை, நம் அமைப்பில் இருக்கிறது. அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.